சிறு கைகள் பிடித்த பிள்ளையார்

கடல்மல்லை என்று திருமங்கையாழ்வார் பாடிய மாமல்லபுரத்தின் பெயரைக் கேட்டதும் நெஞ்சில் எழுவது கல். ஒற்றைக்கல் தேர்கள், குடைவரைகள், அலைகளின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் கடற்கரைக் கோயில் என அத்தனையும் கல்லின் பெருமையைப் பேசுபவை. தரிசனத்திற்கு வரும் அன்பர்கள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்புகின்றனர். ஆயினும் இந்தக் கடற்கரையில் கல்லுக்கு முன்னரே மண்ணில் எழுந்தருளிய தெய்வம் ஒன்று உண்டு. பல நூற்றாண்டுகள் மணலுக்கடியில் மறைந்திருந்த அந்தத் திருக்கோயிலை வெளிக்கொணர்ந்ததும் கடலே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மாமல்லபுரத்திற்கு வடக்கே, புலிக்குகை அமைந்த சாளுவன்குப்பத்தில், அலை மணலை அரித்துச் சென்ற இடத்தில் ஒரு பாறையின் மீது கல்வெட்டுகள் தெரிந்தன. அவற்றைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அகழ்ந்தபோது முருகப்பெருமானின் கோயில் ஒன்று வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலத்துக் கட்டுமானம். அதற்கும் கீழே சங்க காலத்தைச் சேர்ந்ததென அறிஞர்கள் கருதும் செங்கற்கோயில். வடக்கு நோக்கிய அச்சந்நிதியின் முன்னே கல்லால் ஆன வேல் ஒன்றும் கிடைத்தது. சுடுமண் விளக்குகளும் அங்கே கிடைத்தன. எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் யாரோ ஒரு குயவர் வனைந்து, யாரோ ஓர் அன்பர் ஏற்றிய விளக்குகள் அவை.

முதலாம் மகேந்திரவர்ம பல்லவர் மண்டகப்பட்டில் குடைவித்த குடைவரையின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எவையும் இன்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று வியந்து கூறுகிறது. அந்த வியப்பிலேயே ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. அதற்கு முன்னர் இந்நாட்டுத் தெய்வங்கள் குடியிருந்தவை செங்கல்லாலும் மரத்தாலும் ஆன கோயில்கள். செங்கல் என்பது மனிதக் கை பிசைந்து அச்சிலிட்ட மண்தானே! இன்றும் வீதியுலா வரும் உற்சவ மூர்த்திகளை வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் மெழுகால் உருச்செய்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின்னரே ஐம்பொன்னை வார்க்கின்றனர். ஆக, உலோகத் திருமேனியும் மண்ணின் கருவறையிலிருந்தே பிறக்கிறது.

இத்தகைய மண்ணோடு குழந்தைகளுக்கு இருந்த உறவு ஒரு தலைமுறைக்குள் அறுந்துபோயிற்று. செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளால் பெயர்பெற்றது. கொளவாய் ஏரியும், ஏரி காத்த ராமர் காவல் நிற்கும் மதுராந்தகம் ஏரியும் இம்மண்ணின் செல்வங்கள். முன்பு கோடையில் ஏரி வற்றினால், கரையோரத்துச் சேற்றில் வண்டியும் மாடும் சட்டிபானையும் செய்து விளையாடாத சிறுவர் இல்லை. இன்று அதே ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கே வளரும் குழந்தை முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று, மண் என்றால் அழுக்கு என்பது. கீழே விழுந்ததைத் தொடாதே, கையைக் கழுவு, உடையைக் கெடுக்காதே என்று அன்பினால்தான் பெரியவர்கள் சொல்கின்றனர். ஆனால் அந்தச் சொற்களோடு சேர்ந்து ஒரு பெரிய உறவும் கழுவப்பட்டுவிடுகிறது.

அந்த உறவை மீட்கும் பணியைப் பள்ளிகளின் கலை வகுப்புகள் இப்போது கையிலெடுத்துள்ளன. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழா பின்னர் தொடக்கப் பள்ளிச் சிறார்களுக்கும் விரிந்தபோது, களிமண்ணால் உருவம் செய்தலும் அதில் இடம்பெற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வளாகத்தில் தென்னாட்டின் பழைய வீடுகள் பெயர்த்தெடுத்து மீண்டும் நிறுவப்பட்டிருக்கின்றன. அங்கே குயவர் இல்லமும் உண்டு. சுடுமண் குதிரைகள் காவல் நிற்கும் ஐயனார் சந்நிதியும் உண்டு. பள்ளிகளிலிருந்து அழைத்துவரப்படும் பிள்ளைகள் சக்கரத்தின் முன் அமர்ந்து மண்ணைத் தொட்டுப் பழகுகின்றனர்.

முதன்முறையாகக் களிமண்ணைக் கையில் வாங்கும் ஒரு குழந்தையை அருகிருந்து காண்பது தனி அனுபவம். முதலில் ஒரே ஒரு விரல் நுனியால் தொடும். உடனே விரலை மோந்து பார்க்கும். ஆசிரியை கோபிக்கவில்லை என்று உறுதியானபின் உள்ளங்கையை வைக்கும். அதன் பிறகு நடப்பதை யாராலும் தடுக்க இயலாது. முழங்கை வரை மண் ஏறும். மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு அமரும். அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த வகுப்பில் மெல்ல ஓர் அமைதி பரவும். கோயிலில் பெரியவர்களுக்குத் திரை விலகும் கணத்தில் வாய்க்கும் அமைதிக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆசிரியர்கள் கற்பிக்கும் முறை எளியது. மூன்றே வடிவங்கள் அடிப்படை. உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் உருண்டை, பலகையில் தேய்த்து நீட்டினால் கயிறு, தட்டினால் தகடு. இம்மூன்றையும் அறிந்த குழந்தைக்குப் பிள்ளையார் எட்டும் தூரத்தில் வந்துவிடுகிறார். பெரிய உருண்டை தொந்தி. சிறிய உருண்டை திருமுகம். இரண்டு தகடுகள் முறக்காது. ஒரு கயிறு துதிக்கை. குட்டி உருண்டை மோதகம். ஏழு வயதுக் குழந்தை ஒரு மணி நேரத்திற்குள் ஐங்கரனைத் தன் முன்னே அமர்த்திவிடும்.

ஆனால் மண் எளிதில் வசப்படுவதுமில்லை. பிசையும்போது உள்ளே காற்றை விட்டுவிட்டால் உருவம் உறுதியாக அமையாது. ஈரத் துதிக்கையை முகத்தில் சும்மா ஒட்டினால், காய்ந்ததும் அது உதிர்ந்து விழும். ஒட்ட வேண்டிய இரு இடங்களையும் குச்சியால் கீறி, நீர் கலந்த குழைமண்ணைத் தடவி அழுத்தினால்தான் இரண்டும் ஒன்றாகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால், மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, உருவம் வெடிக்கும். நிழலில், தேவையானால் ஈரத்துணி போர்த்தி, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். விரல் தட்டினால் படம் மாறும் கருவிகளோடு வளரும் குழந்தைக்கு, காத்திரு என்று சொல்லும் முதல் ஆசான் மண்ணே. அந்த ஆசான் திட்டுவதுமில்லை. உடைந்ததை நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க இடம் தருகிறது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்னும் பழமொழி இந்த வகுப்புகளில் அன்றாடம் மெய்யாகிறது. ஒரு காது பெரிதாகவும் மறு காது காணாமலும், தொந்தி ஒரு பக்கம் சரிந்தும், துதிக்கை வாலைப் போலச் சுருண்டும் பல பிள்ளையார்கள் உருவாகிறார்கள். மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவரும் குழந்தை வாசலிலேயே நின்று பெரியவர்களின் முகத்தைப் பார்க்கிறது. அந்த ஒரு கணம் முக்கியமானது. அங்கே எழும் சிரிப்பு ஒரு குழந்தையின் கையை நெடுங்காலத்திற்கு மண்ணிலிருந்து விலக்கிவிடக் கூடும். அங்கே வரும் ஒரு சொல், அந்தக் கையை வாழ்நாள் முழுதும் இறைவன்பால் திருப்பிவிடவும் கூடும்.

கை செய்ததை இறைவன் எப்படி ஏற்கிறான் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காஞ்சியில் அன்னை காமாட்சி கம்பை ஆற்றங்கரை மணலைத் தன் கைகளாலேயே சேர்த்து லிங்கம் அமைத்தாள். வெள்ளம் பெருகி வந்தபோது அது கரைந்துவிடுமோ என்று அஞ்சி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த ஏகாம்பரநாதரே பஞ்சபூதத் தலங்களுள் நிலத்திற்கு உரியவர். மண் லிங்கம் ஆதலால் அத்திருமேனிக்கு நீரால் அபிஷேகம் இல்லை. உலகை ஈன்ற தாயும் மண்ணைப் பிடித்தே வழிபட்டாள் என்பதைவிடக் களிமண் வகுப்புக்கு வேறு பெருமை வேண்டுமா?

மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளின் தலவரலாறும் கைகளின் கதையே. புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பறித்து, பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானின் திருவடிகளில் சேர்க்க விரும்பினார். கடல் குறுக்கே கிடந்தது. அவர் தம் இரு கைகளாலும் கடல்நீரை இறைக்கத் தொடங்கினார். கடல் குறையவில்லை, முனிவரும் ஓயவில்லை. எம்பெருமான் ஒரு முதியவராய் வந்து பசிக்கு உணவு கேட்டார். முனிவர் உணவு கொண்டுவரச் சென்ற வேளையில் அம்மலர்களைச் சூடிக்கொண்டு, அங்கேயே தரையில் பள்ளிகொண்டார். முனிவர் இறைத்த நீரின் அளவை அவர் கணக்கிடவில்லை. இறைத்த கைகளையே கண்டார்.

திருமலையில் வழங்கும் குரும்பறுத்த நம்பியின் வரலாறு இன்னும் நெருங்கியது. தொண்டைமான் சக்கரவர்த்தி நாள்தோறும் பொன்மலர்களால் வேங்கடவனை அர்ச்சித்துவந்தார். ஒருநாள் சந்நிதியில் அப்பொன்மலர்களுக்குப் பதில் மண்மலர்களைக் கண்டு திகைத்தார். மலையடிவாரத்துக் குயவர் ஒருவர் அவற்றைச் சாற்றியவர் என்பதைப் பெருமானே உணர்த்தினார். கோயிலுக்குச் செல்லவும் நேரமில்லாத அந்த உழைப்பாளி, பானை வனைந்தபின் கையில் ஒட்டிய மண்ணைக் கொண்டே மலர் செய்து, தம் குடிலில் வைத்திருந்த பெருமானின் உருவத்திற்குச் சாற்றிவந்தார். இன்றளவும் ஏழுமலையானுக்குக் குலசேகரன் படியைக் கடந்து நிவேதனமாகச் செல்வது, புதிய மண்சட்டியின் ஓட்டில் வைத்த தயிரமுது என்பர். தொண்டை நாட்டு வேந்தரின் பொன்னும் அந்தத் திருவடிக்குத்தான் சென்றது. ஆனால் நெஞ்சோடு நெஞ்சாய்க் கலந்தது, கைகழுவும் முன் எஞ்சியிருந்த மண்.

இதை அறிந்த இல்லங்களில் ஆவணி மாதம் விநாயகர் சதுர்த்தி வரும்போது ஒரு கேள்வி எழ வேண்டும். பூஜை மணையில் எந்தப் பிள்ளையாரை அமர்த்துவது? கடையில் அச்சில் வார்த்து, வண்ணம் பூசி, கண்ணைப் பறிக்கும் அழகோடு விற்கப்படுபவரையா? ஒரு காது குறைந்த, பேரனின் கைரேகை தொந்தியில் பதிந்த பிள்ளையாரையா?

முன்னாளில் தெருமுனையில் குயவர் மரஅச்சோடு அமர்ந்திருப்பார். வீட்டுப் பெரியவர் கோலமிட்ட மணையை ஏந்திச் செல்வார். அச்சில் ஈரமண்ணை அழுத்திக் கண்முன்னே எடுத்த பிள்ளையாரை அம்மணையில் வைத்துத் தருவார் குயவர். குன்றிமணிக் கண்ணும் எருக்கம்பூ மாலையும் காகிதக் குடையும் வீட்டில் சேரும். கூடவே ஓடிய சிறுவர்கள், ஒரு மண்கட்டி சாமி ஆகும் விந்தையைக் கண்ணால் கண்டனர். அந்தக் காட்சி அரிதாகிவிட்ட காலத்தில் பள்ளியின் களிமண் வகுப்பு அதனினும் ஒரு படி மேலானதைத் தருகிறது. அன்று குழந்தை பார்த்தது. இன்று குழந்தையே பிடிக்கிறது. ஆகவே கடைப் பிள்ளையாருக்குப் பக்கத்திலாவது அந்தச் சிறிய பிள்ளையாருக்கும் இடம் தருவதும், அவருக்கும் ஓர் அறுகம்புல் சாற்றுவதும் முறை. மூத்தோர் தம் கையால் அவருக்குக் கற்பூரம் காட்டுவதை அந்தக் குழந்தை ஒருபோதும் மறவாது.

உண்மையான சோதனை அதற்குப் பின்னர்தான் வருகிறது. கடையில் வாங்கிய பிள்ளையாரைக் கரைக்கும்போது எந்தக் குழந்தையும் அழுவதில்லை. தன் கையால் செய்தவரைக் கரைப்பது என்றதும் அது மணையைக் கட்டிக்கொள்கிறது. எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் அப்போது ஒரே உரையாடல்தான் நடக்கும்.

“என் பிள்ளையாரை மட்டும் கரைக்க வேண்டாம், பாட்டி.”

“அவர் விருந்துக்கு வந்தவர், கண்ணு. வந்தவரை வழியனுப்ப வேண்டாமா?”

“போனால் திரும்ப வருவாரா?”

“மண் எங்கேயும் போகாது. அடுத்த ஆவணிக்கு உன் கைக்குத்தான் வருவார்.”

இவ்வுரையாடலைப் பள்ளி நடத்த இயலாது. உருவாக்கக் கற்பிப்பது ஆசிரியரின் பணி. உருவாக்கியதை இறைவனிடம் ஒப்படைக்கக் கற்பிப்பது வீட்டு மூத்தோரின் பணி. பெற்றோர் அவசரத்தில் இருப்பவர்கள். அழுகையை நிறுத்தப் புதிய பொம்மை வாங்கித்தர அவர்கள் முன்வருவார்கள். பாட்டியும் தாத்தாவும் மட்டுமே அந்த அழுகையின் அருகில் அமர்ந்திருக்க நேரம் உள்ளவர்கள். அதற்கான தகுதியும் அவர்களிடமே உண்டு. பெற்றவர்களை அக்னியிடம் ஒப்படைத்தவர்கள் அவர்கள். வளர்த்த மக்களைக் கடல் கடந்து வழியனுப்பியவர்கள். பிறந்த வீட்டையும் வாழ்ந்த ஊரையும் விட்டு வந்தவர்கள். கையில் பிடித்ததைக் கைவிடும் வித்தையை ஒரு வாழ்நாள் முழுதும் பயின்றவர்களன்றி வேறு யார் அதைக் கற்பிப்பது?

இந்த வித்தையை மாமல்லபுரக் கடற்கரையில் ஆண்டுதோறும் காணலாம். மாசி மகத்தையொட்டிய பௌர்ணமியில் இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கே வந்து கூடுகின்றனர். விடியலில் ஈர மணலைக் கூட்டிப் படிகள் அமைத்து, மலரும் பழமும் வைத்து, கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணங்களும் அந்த மணற்சந்நிதி முன் நிகழ்வதுண்டு. கோபுரமில்லை, மதிலில்லை. வழிபாடு முடிந்து மக்கள் எழுந்துபோனபின் அலை வந்து அந்தப் படிகளைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. யாரும் வருந்துவதில்லை. அடுத்த மாசியில் மணலும் இருக்கும், கைகளும் இருக்கும், அம்மனும் இருப்பாள் என்பது அவர்களது உறுதி. சற்றுத் தொலைவில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கும் கற்கோயிலும், ஒரு காலைப்பொழுது மட்டும் நிற்கும் மணற்கோயிலும் ஒரே கடலைப் பார்த்திருக்கின்றன.

குழந்தை பிடிக்கும் பிள்ளையாருக்கு மூத்தோர் கவனிக்க வேண்டிய நெறிகள் சில உண்டு. சதுர்த்திக்குரிய பிள்ளையாரைச் சூளையில் சுடலாகாது. ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தைக் கடந்த மண் மீண்டும் நீரில் குழையாது, பச்சைமண்ணே கரையும். இயற்கைக்கும் நீர்நிலைக்கும் ஊறு என்பதால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உருவங்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளும் விலக்குகின்றன. ஆகவே வண்ணம் வேண்டுமெனக் குழந்தை கேட்டால் மஞ்சளும் குங்குமமும் போதும். கரைப்பதற்குக் கடலோ ஏரியோ தேடி அலையவும் வேண்டாம். ஒரு பித்தளை அண்டாவில் நீர் நிரப்பி, குழந்தையின் கையாலேயே பிள்ளையாரை இறக்கச் செய்யலாம். முதலில் காது நெகிழும், பிறகு துதிக்கை, கடைசியில் தொந்தி. அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை, அழுகை ஓய்ந்து, நீர் எப்போது கலங்கி எப்போது தெளிகிறது என்று கவனிக்கத் தொடங்கும். அந்த நீரையும் அடியில் தங்கிய மண்ணையும் துளசி மாடத்தில் சேர்த்துவிட்டால் போதும்.

அதே வகுப்பில் குழந்தை ஓர் அகலும் செய்திருக்கக் கூடும். உருண்டையின் நடுவே கட்டைவிரலை அழுத்தினால் குழி. விளிம்பில் ஒரு கிள்ளு கிள்ளினால் திரிக்கு வாய். அதைத் தாராளமாகச் சுட்டுக்கொள்ளலாம். அது நிலைத்திருக்க வேண்டியது. ஆவணியில் கரைந்த பிள்ளையாரின் மண் சேர்ந்த துளசி மாடத்தில், கார்த்திகை தீபத்தன்று அந்த அகலில் பாட்டி எண்ணெய் வார்க்கட்டும். குழந்தை திரியை ஏற்றட்டும். மூலைக்கொன்றாய்க் கோணிய அந்த விளக்கிலும் சுடர் நேராகவே நிற்கும்.